சுமை யார் தோளில்?

பெரிய கருவி பெரிய கலைஞனுக்கு அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஏர் கனமாக இருந்தால் விளைச்சல் பெருகிவிடுமா? வீணை பெரிதாக இருந்தால் இசை இனித்துவிடுமா? இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வர். ஆனால் காமிரா என்று வந்துவிட்டால் மட்டும் நம் தராசு மாறிவிடுகிறது. முழங்கை நீளத்துக்கு லென்ஸ் பூட்டிய காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் விடுதி வாயிலில் நின்றால், படத்தைப் பார்ப்பதற்கு முன்பே “இவர் கைதேர்ந்தவர்” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். உள்ளங்கையில் அடங்கும் காமிராவோடு ஒருவர் வந்தால், “பொழுதுபோக்குக்காக எடுப்பவர்” என்று ஒதுக்கிவிடுகிறோம்.

நான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவன், விரும்பியே சேர்ந்தவன். கனமான கருவி வாங்கப் பணமில்லை என்பது ஒரு காரணம்தான், அதை மறைப்பானேன்? ஆனால் வாடகைக்கு எடுக்கலாம், நண்பரிடம் இரவல் கேட்கலாம். அந்த வழிகள் திறந்திருந்தும் சிறிய காமிராவையே நான் தேர்ந்துகொண்டேன். அதற்கு ஆனைமலைக் காட்டில் கண்ட ஒரு காட்சியும், அதன்பின் நூலகத்தில் படித்த சில செய்திகளும், வகுப்பில் கற்ற பௌதிகமும் காரணமாக அமைந்தன. அவற்றை நம் மன்றத்துத் தோழர்களுக்குச் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோவையிலிருந்து மேற்கே செல்பவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் தெரியும். சுவர்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து காற்றுக்கும் ரயிலுக்கும் வழிவிட்டிருக்கிறது. அந்தக் கணவாயின் தென்புறத்திலிருந்து ஆனைமலை எழும்புகிறது. எழும்பி, வளைந்து, இடுக்கி மாவட்டத்துக்குள் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியாக நிமிர்கிறது. வரைபடத்தில் இந்த மலைமீது ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு இப்பால் தமிழகம், அப்பால் கேரளம். யானைக்கும் இருவாச்சிக்கும் அந்தக் கோடு தெரியாது. மனிதர்க்கே அது சில இடங்களில் வேடிக்கையாகிவிடுகிறது. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே வண்டியில் போகவேண்டுமானால் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும்!

ஒரு டிசம்பர் விடுமுறையில் நண்பர் நால்வராக அங்கே சென்றோம். எங்களுள் மூத்தவர் படக்கலையில் தீராத ஆர்வம் உடையவர். 600 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். லென்ஸ் மட்டும் நான்கு கிலோவை நெருங்கும். அதைத் தாங்கும் காமிரா, அதையும் தாங்கும் முக்காலி, மாற்று லென்ஸ், மின்கலங்கள், இவை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்ட பை என்று கூட்டிப் பார்த்தால் பத்துக் கிலோவுக்கு ஏறக்குறையவே இருந்தது. என்னிடம் இருந்தது கைப்பேசி மட்டுமே.

காட்டுக்குள் நடப்பதற்கு வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர் காடர் குலத்தைச் சேர்ந்த பெரியவர். அறுபது வயதிருக்கும். அரை மைல் நடப்பதற்குள் நண்பருக்கு மூச்சு வாங்கியது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். “குடுங்க தம்பி, நான் கொண்டு வரேன்” என்றார். நண்பர் மறுத்தார். பெரியவர் விடவில்லை. பை அவர் முதுகுக்கும், முக்காலி அவர் தோளுக்கும் மாறின. நண்பரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. அவர் நல்லவர், மாலையில் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னவர். ஆயினும் அந்த இடத்தில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த பெரியவர் பின்னால் வந்துவிட்டார். சுமை தூக்கியவர் மெல்ல நடந்தார். வெறுங்கையர்களான நாங்கள் வேகமாக முன்னே போனோம்.

சோலைக்குள் திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. ரயில் எஞ்சின் நீராவி விடுவது போன்ற சத்தம். இருவாச்சியின் சிறகோசை அப்படித்தான் இருக்கும். பறவை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் ஓசை காதுக்கு வந்துவிடும். நாங்கள் நான்கு பேரும் நான்கு திசையில் அண்ணாந்து பார்த்தோம். பெரியவர் பின்னாலிருந்து முகவாயை உயர்த்தி ஒரு மரத்தைக் காட்டினார். கையால் காட்ட இயலவில்லை; ஒரு கையில் முக்காலி, மறு கையில் பையின் வார். அவர் எங்கே பார்க்கிறார் என்று நாங்கள் கண்டுகொண்டு, முக்காலியை வாங்கி விரித்து, லென்ஸைப் பூட்டி முடித்தபோது மரத்தில் இலைகள்தாம் இருந்தன.

ஓடைக்கரையில் இளைப்பாறியபோது பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “முன்னாலே நடந்தாத்தான் தம்பி எனக்குக் காடு தெரியும். பின்னாலே நடந்தா உங்க முதுகுதான் தெரியுது.”

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. நாங்கள் அவரை அழைத்துச் சென்றது அவருடைய கண்ணுக்காக. பயன்படுத்தியதோ அவருடைய முதுகை. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் ஆனாலும் அந்தக் கண்ணுக்கு ஈடாகுமா? அறுபது ஆண்டுக் காட்டறிவைச் சுமைகூலியாக்கிவிட்டு, கண்ணாடித் துண்டை நம்பி நாங்கள் நடந்தோம். வழியில் யானை எதிர்ப்பட்டிருந்தால் எங்களைக் காக்க வேண்டிய கைகள் இரண்டும் அன்று கட்டுண்டிருந்தன என்பதை எண்ணும்போது இன்னும் உடல் சிலிர்க்கிறது.

திரும்பி வந்தபின், படக்கலை வரலாற்றை நூலகத்தில் புரட்டினேன். இந்தச் சுமைப் பிரச்சினை கலை பிறந்த நாளிலேயே உடன்பிறந்தது என்று அப்போது தெரிந்தது.

சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1863ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இமயமலைப் பகுதிக்குச் சென்று படமெடுத்தார். அக்காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டின்மீது அந்த இடத்திலேயே மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். ஆகவே கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் மலைமேல் ஏறின. எப்படி ஏறின? கூலிகளின் முதுகில் ஏறின. பல பத்துப் பேர் அவர் பின்னால் சுமை தூக்கி நடந்தனர். சிலர் சுமையைப் போட்டுவிட்டு ஓடியும் போனார்கள். போர்ன் அதைக் குறைகூறி எழுதினார். அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன, போற்றத் தக்கவையே. ஆனால் படத்தின் அடியில் இருப்பது ஒரு பெயர்தான். பனியில் சுமந்தவர்கள் யாரென்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தக் கதைக்கு மறுமொழியாக வந்தவர்போல் இன்னொருவர் ஐரோப்பாவில் தோன்றினார். அவர் பெயர் ஆஸ்கார் பார்னாக். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்னும் ஊரில், மைக்ராஸ்கோப் செய்யும் லைட்ஸ் தொழிற்சாலையில் 1911ஆம் ஆண்டு சேர்ந்தார். மலை நடையும் படமெடுத்தலும் அவருக்கு உயிர். ஆனால் ஆஸ்துமா நோய் அவரை வாட்டியது. அந்நாளைய பெரிய தகட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு மேடேற அவரால் இயலவில்லை. ‘நான் நடப்பதை நிறுத்துவதா, காமிரா இளைப்பதா?’ என்ற கேள்வி அவர்முன் நின்றது. காமிராவையே இளைக்கச் செய்தார் அவர்! சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் பிலிமை எடுத்தார். சினிமாவில் ஒரு படம் 18க்கு 24 மில்லிமீட்டர். இரண்டு படத்தின் இடத்தை ஒன்றாக்கி 24க்கு 36 என்று வகுத்தார். 1914ஆம் ஆண்டளவில் முதல் மாதிரி அவர் கைக்கு வந்தது. இடையில் முதல் உலகப்போர் வந்தது. பின்னர் 1925இல் லைப்சிக் நகரத்து வசந்தச் சந்தையில் ‘லைக்கா’ என்ற பெயரோடு அந்தக் காமிரா உலகுக்கு அறிமுகமாயிற்று.

நண்பர்களே, இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அன்றைய தகடுகளோடு ஒப்பிட்டால் 24க்கு 36 என்பது தபால் தலையளவு. அதை ‘சிற்றளவுக் காமிரா’ என்றே உலகம் அழைத்தது. இன்று அதே 24க்கு 36 அளவைத்தான் நம்மவர்கள் ‘முழு அளவு’ என்று பெருமையோடு சொல்லி, அதற்குக் குறைந்த காமிராக்களைப் பொம்மை என்கிறார்கள். நேற்றைய பொம்மை இன்றைய பெருங்கருவி! மூச்சிரைத்த ஒரு மனிதர் தம் நுரையீரலுக்கு ஏற்றவாறு செய்துகொண்ட கருவியே, நூறு ஆண்டுகளுக்குப் பின் பெருமைக்கு அளவுகோலாகிவிட்டது.

அந்தச் சிறிய லைக்காவோடுதான் பிரெஞ்சுக்காரரான கார்த்தியே-பிரெஸ்ஸோன் உலகைச் சுற்றினார். பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்து, யார் கண்ணையும் உறுத்தாமல் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். 1948 சனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரம் முன்பு அவரைக் கண்டு பேசினார். 1950 ஏப்ரலில் இரமண மகரிஷி மறைந்தபோது நம் திருவண்ணாமலையில் இருந்தார். அவருடன் சுமையாளர் கூட்டம் வரவில்லை. வந்திருந்தால் அத்தகைய இடங்களில் அவரை யார் உள்ளே விட்டிருப்பார்கள்?

இனிப் பௌதிகத்துக்கு வருவோம். பயப்பட வேண்டாம், இரண்டு கணக்குகள்தாம்.

தொலைவிலுள்ளதைப் பெரிதாகக் காட்ட நீண்ட குவியத் தூரம் வேண்டும். மங்கலான ஒளியிலும் படமெடுக்க அகன்ற கண்ணாடி வேண்டும். லென்ஸின் மேல் ‘எஃப் 4’ என்று எழுதியிருந்தால், குவியத் தூரத்தை நான்கால் வகுத்தால் வருவது ஒளி புகும் வாயின் விட்டம். 600ஐ நான்கால் வகுத்தால் 150 மில்லிமீட்டர். சிற்றுண்டித் தட்டளவு கண்ணாடி! அதுவும் ஒரு கண்ணாடியன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல. எடை வருவது இங்கிருந்துதான்.

சிறு காமிராவில் ஒளியை வாங்கும் தகடு 13க்கு 17 மில்லிமீட்டர் அளவே உள்ளது. மூலைக்கு மூலை அளந்தால் முழு அளவில் பாதி. ஆகவே 300 மில்லிமீட்டர் லென்ஸே அதில் 600 மில்லிமீட்டரின் காட்சியைக் காட்டிவிடும். நான் பழைய பொருளாக வாங்கிய லென்ஸின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. காமிராவையும் இன்னொரு குட்டி லென்ஸையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. ஒரு தண்ணீர்ப் புட்டியின் எடை!

அப்படியானால் இழப்பே இல்லையா? உண்டு. பௌதிகம் யாருக்கும் இலவசமாக எதையும் தருவதில்லை. என் லென்ஸின் வாய், முழு நீளத்தில், 45 மில்லிமீட்டர் விட்டம்தான். 150க்கும் 45க்கும் பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரிய லென்ஸுக்குள் புகும் ஒளியில் பதினொன்றில் ஒரு பங்குதான் என் லென்ஸுக்குள் புகுகிறது. நல்ல வெயிலில் இது தோன்றாது. அந்தியிலும் அடர்ந்த சோலையிலும் தோன்றும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் விழும். இதை அறிந்தே வாங்கினேன்.

வாங்கி வந்த அன்று விடுதியில் கேலிக்குப் பஞ்சமில்லை. “ஆனையைப் பிடிக்கப் பூனைக் கயிறா?” என்றார் ஒருவர். “பிறந்தநாள் விழாவுக்குப் போதும்” என்றார் மற்றொருவர். நம் மூத்த நண்பர் மட்டும் காமிராவைக் கையில் வாங்கி எடைபார்த்தார். “அந்தியில் என்ன செய்வாய்?” என்று கேட்டார். “அந்தியில் பார்த்துக்கொண்டிருப்பேன், அண்ணா” என்றேன். அவர் சிரிக்கவில்லை, சிறிது நேரம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த பயணம் இடுக்கிப் பக்கம். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை அமராவதிக் காட்டைக் கடந்து சின்னாறு சோதனைச் சாவடியில் கேரளத்துக்குள் நுழைகிறது. கேரளம் என்றதும் மழையும் தென்னையும் நம் நினைவுக்கு வரும். சின்னாறு அப்படியன்று. மேற்கே பெய்யும் மழையை உயர்ந்த மலைகள் தடுத்துவிடுவதால் இது மழைமறைவுப் பகுதி. முள்மரமும் கள்ளியும் பாறையுமாக நம் தென்பாண்டிச் சீமைபோல் இருக்கும். கேரளத்து ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுவன மூன்றே; அவற்றுள் ஒன்றான பாம்பாறு இவ்வழியே ஓடி நம் அமராவதியில் சேர்கிறது. 1984ஆம் ஆண்டில் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் நரை அணில் வாழ்கிறது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் வாழும் அதே அணில்தான். வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் போல் எண்ணிவிடாதீர்கள். அதைவிட மிகப் பெரியது.

இம்முறை வழிகாட்டி ஓர் இளைஞர். முதுவர் குடியைச் சேர்ந்தவர். புறப்படும்போதே பழக்கப்படி என் பைக்காகக் கை நீட்டினார். “வேண்டாம் அண்ணா, இதுதான் எல்லாம்” என்று கழுத்தில் தொங்கிய காமிராவைக் காட்டினேன். “இவ்வளவுதானா?” என்று வியந்தார். பிறகு முன்னால் நடந்தார். நாள் முழுவதும் முன்னாலேயே நடந்தார்.

முன்னால் நடக்கும் வழிகாட்டி என்றால் என்ன என்பதை அன்று கண்டேன். குனிந்து மண்ணைப் பார்ப்பார். ஒரு கிளையை ஒதுக்குவார். விரலை உதட்டில் வைப்பார். முறிந்த மூங்கிலைத் தொட்டு, “காலையிலே போயிருக்கு” என்பார். ஆற்றோர மருத மரத்தடியில் நின்று, மேலே ஒரு கவட்டைக் காட்டினார். இலைக்குவியல்போல் ஒரு கூடு. “இருங்க, வரும்” என்றார். இருந்தோம். முக்கால் மணி நேரம் அண்ணாந்தபடியே இருந்தோம். தலைக்கு நேர் மேலே, பத்து ஆள் உயரத்தில், நரை அணில் வந்து கிளையில் வயிறு படியப் படுத்து வாலைத் தொங்கவிட்டது. காமிராவை நெற்றிக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டே நான் பல படங்கள் எடுத்தேன். அந்த இடத்தில் முக்காலி உதவாது. நேர் மேலே திருப்பினால் அதன் அடியில் நாம் படுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஐந்து கிலோவை அவ்வாறு உயர்த்திப் பிடிக்க எந்தக் கை தாங்கும்? அரை நிமிடத்தில் கை நடுங்கும். கை நடுங்கினால் படமும் நடுங்கும்.

மேலும் சிறிது தூரம் சென்றோம். இளைஞர் சட்டென்று நின்று, உள்ளங்கையைப் பின்னால் நீட்டினார். காற்றை முகர்ந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புதருக்கு அப்பால் ஒரு கிளை ஒடியும் ஓசை மட்டும் கேட்டது. “திரும்புங்க” என்று கண்ணாலேயே சொன்னார். எடுத்து வைக்கப் பையில்லை, மடக்குவதற்கு முக்காலியில்லை. வந்த சுவடு தெரியாமல் வந்தவழியே இறங்கிவிட்டோம். ஆற்றைக் கடந்தபின்தான் அவர் வாய் திறந்தார்: “ஒத்தை ஆனை.” அந்த யானையை நான் படமெடுக்கவில்லை. எடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

மறுநாள் மறையூரில் கழிந்தது. சந்தன மரங்கள் இயற்கையாக வளரும் காடு அங்கே உள்ளது. பாறை மேடுகளில் பெருங்கற்காலத்து முனியறைகள் நிற்கின்றன. நான்கு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல். கீழே பள்ளத்தாக்கில் கரும்பு விளைகிறது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் அங்கேதான் காய்ச்சப்படுகிறது. ஒரு வெல்லக் கொட்டகையில் நுழைந்து, படமெடுக்கலாமா என்று கேட்டேன். பாகை உருண்டை பிடித்துக்கொண்டிருந்த அம்மாள் என் காமிராவைப் பார்த்துவிட்டு, “இது எங்க பேரன் வச்சிருக்கிற மாதிரி இல்ல இருக்கு! எடுத்துக்க தம்பி” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். யாரும் சட்டையைச் சரிசெய்துகொள்ளவில்லை. யாரும் விறைத்து நிற்கவில்லை. நான்கைந்து படங்கள் எடுத்தபின் அவர்கள் என்னை மறந்தே போனார்கள். பெரிய லென்ஸ் துப்பாக்கிபோல் மனிதர்முன் நீண்டால் முகம் மாறிவிடும். மாறிய முகத்தை எவ்வளவு தெளிவாக எடுத்து என்ன பயன்?

அன்று மாலை சாலையோரத்தில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று நின்றது. இருள் கவியும் நேரம். நெற்றியின் மங்கிய வெண்மையும், காலின் வெண்மையும் புல்வெளியில் மிதப்பதுபோல் தோன்றின. படமெடுத்தேன். நான் முன்பு சொன்ன மணல் தூவல் அந்தப் படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது. நண்பரின் பெரிய லென்ஸ் எடுத்திருக்கக்கூடிய படத்தின் அருகில் அதை வைக்க முடியாது. அதற்கு நான் கொடுத்த விலை அது. கணக்குப் போட்டுக் கொடுத்த விலை. மூன்று படம் எடுத்தபின் காமிராவை அணைத்துவிட்டு, நண்பருக்குச் சொன்னபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்படியானால் பெருங்கருவி தூக்குபவர் எல்லாம் தவறு செய்கிறார்களா?” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மா. கிருஷ்ணன் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்பர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்த இயற்கையியல் அறிஞர். கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திச் செய்துகொண்ட தம் கனத்த காமிராவுக்கு, அதன் பாரத்தைக் கேலி செய்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்து காட்டு யானைகளைப் படமெடுத்தவர் அவர். யானை முதுகு வாய்த்தவருக்குப் பாண்டரோசா தகும். ஒரே இடத்தில் மறைவில் அமர்ந்து நாள் முழுதும் காத்திருப்பவருக்கும், அந்தியில் விலங்கை ஆராய்பவருக்கும் பெரிய லென்ஸ் தேவைதான். தம் சுமையைத் தாமே தூக்கும் வலிமை உடையவரையும் நாம் ஏன் தடுக்கவேண்டும்? என் வழக்கு கருவியோடு இல்லை. கருவியைத் தூக்கும் தோள் யாருடையது என்பதோடுதான்.

இந்த மலைகளில் அந்தக் கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. மூணாற்றுச் சரிவுகளை நாம் ‘பச்சைக் கம்பளம்’ என்று படமெடுத்து அனுப்புகிறோம். அந்தக் கம்பளத்தை நெய்தவர்களில் பலர் கீழே தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஏறிப்போன நம்மவர்கள். பறித்த தேயிலையை மூட்டை கட்டித் தலையில் வைத்துச் சரிவில் இறங்கி எடைபோடும் இடத்துக்கு நடக்கும் பெண்களை நான் கண்டேன். அவர்களிடம் சென்று எந்தக் காமிரா எத்தனை கிராம் என்று பேச எனக்கு நாக்கு எழவில்லை. சுமை அவர்களுக்குப் பிழைப்பு. நமக்கோ அது விருப்பம். விருப்பத்துக்காக ஏற்றுக்கொண்ட சுமையை, பிழைப்புக்காகச் சுமப்பவரின் தோளுக்கு மாற்றிவிட்டு, அவருடைய படத்தையும் எடுத்துக்கொண்டு வருவது எனக்கு அழகாகத் தோன்றவில்லை.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அச்சு முறிவது ஒரு கேடு. அச்சு முறியாமல் இருக்கப் பிறர் வண்டியில் ஏற்றிவிடுவது இன்னொரு கேடு. அது நம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

ஆகவே தோழர்களே, வரும் விடுமுறையில் மலையேறப் போகிறவர்களுக்கு ஒரு சிறிய சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். புறப்படுவதற்கு முதல் நாள் உங்கள் கருவிகளை எல்லாம் மாட்டிக்கொண்டு விடுதியிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்து போய்த் திரும்புங்கள். யாரிடமும் ஒன்றையும் கொடுக்காமல் திரும்பி வந்தீர்களா? வழியில் ஒரு நண்பரைக் கண்டால் வணங்க ஒரு கை ஓய்வாக இருந்ததா? இருந்தால், அதுவே உங்களுக்கு ஏற்ற காமிரா. அது இரண்டு கிலோவோ, இருநூறு கிராமோ, கவலையில்லை. இல்லையென்றால் எதையாவது அறையில் வைத்துவிட்டுப் போங்கள். காடு உங்கள் லென்ஸின் நீளத்தைக் கேட்காது. உங்களுக்கு முன்னால் நடப்பவரை முன்னால் நடக்க விடுங்கள்; அவர் காட்டும் பக்கம் பாருங்கள். படம் தானே வரும்.